கீழே இருந்த எண்கள்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை விட்டு நான் நடந்துகொண்டிருந்தபோது சாப்பாட்டு நேரம் இன்னும் முடிந்திருக்கவில்லை. தூக்குவாளியில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. சட்டை கம்பெனிச் சுவரில் ஆணியிலேயே தொங்கியது. மூட்டை தூக்கும்போது போட்டிருக்கும் பனியனோடு வெளியே வந்துவிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான்.

இருக்கப் பிடிக்காத இடத்திலிருந்து நடந்துவிடுவது என் பழக்கம். லாரியில் போனேன், பந்தல் போட்டேன், கோயம்பேட்டில் மூட்டை தூக்கினேன். பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் மூன்று மாதம் படுத்திருந்தேன். எந்த இடத்தையும் சொல்லிக்கொண்டு விட்டதில்லை. ஒருநாள் அங்கே இருக்க மாட்டேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு கைப்பேசித் திரையைப் பார்த்து அதிர்ந்துபோய் ஓர் இடத்தை விட்டது அன்றுதான் முதல் தடவை.

அது தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்கிற சின்னக் கம்பெனி. ஆறு பெண்கள் நீள மேசையில் உட்கார்ந்து மூடிகளைக் கவரில் போடுவார்கள். நான் கட்டி, தூக்கி, வண்டியில் ஏற்றுவேன். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியில் நான் கைப்பேசியில் கதை படிப்பேன், அவர்கள் கேட்பார்கள். எப்படி ஆரம்பித்தது என்று நினைவில்லை. ஒருநாள் நான் எனக்குள் முணுமுணுத்துப் படித்ததை ஒருத்தி "சத்தமாத்தான் படியேன் அண்ணாத்தே" என்றாள். அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் பஜ்ஜி மடித்துத் தருகிற தாளில். தின்று முடித்ததும் எண்ணெய்க் கறையோடு விரித்து வைத்து ஓர் எழுத்து விடாமல் படிப்பேன். அந்தத் தாளில் எதுவும் ஆரம்பத்திலிருந்து ஆரம்பிக்காது. எதுவும் முடியவும் முடியாது. ஒரு ஊரில் ஒருவனைப் பிடித்தார்கள், அவன் சொன்னதாவது என்று வரும்போது தாள் கிழிந்திருக்கும். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நானே யோசித்துக்கொள்வேன். படிப்பது என்றால் அப்படித்தான் என்று என் மூளையில் பதிந்துவிட்டது. தாளில் இருக்கிற வரை அவர்கள் சொல்வார்கள், கிழிந்த இடத்திலிருந்து நாம் சொல்ல வேண்டும்.

கைப்பேசி வந்தபோது அதிலும் அப்படியே படித்தேன். கதை ஒரு இடத்தில் நிற்கும். அதற்குக் கீழே வட்ட வட்டமாகச் சில எண்கள் இருக்கும், அதற்கும் கீழே ஜவுளிக்கடை விளம்பரம். எண்களை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. செய்தித்தாள் மூலையிலும் எண் இருக்கும். அதை யாராவது அழுத்திப் பார்ப்பார்களா? நின்ற இடம் சில நாள் மொட்டையாக இருக்கும். ஒருவன் கதவைத் திறப்பான், அத்தோடு சரி. இந்தக் காலத்து எழுத்தாளர்கள் துணிந்தவர்கள், முடிவை நம் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். மேசையில் இருந்த பெண்கள் "அப்பால?" என்று கேட்பார்கள். நான் முடிவு சொல்வேன். நான் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். கதையில் இருப்பதுபோலவே, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொல்வேன். ஆறு வருடம் இப்படி ஓடியது. முன்பு வேறு இடங்களில் வேறு ஆட்களுக்கு, கடைசியில் இந்த மேசைக்கு.

அன்று மதியம் ஆபீஸ் அறையில் ஏசி ஓடவில்லை என்று, கணினியில் பில் போடுகிற பெண் டிபன் பாக்ஸோடு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தாள். தேனிப் பக்கத்திலிருந்து வந்து அயப்பாக்கத்தில் ஃபிளாட் எடுத்திருக்கிற குடும்பம். என் தோளுக்குப் பின்னால் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஒருவன் கதவைத் திறந்த இடத்தில் கதை நின்றது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு என் முடிவுக்குத் தயாரானேன்.

"அண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

"அவ்ளோதாம்மா. எழுதுனவர் இதோட விட்டுட்டாரு."

"விடலையேண்ணே. கீழ நம்பர் இருக்குல்ல, நாலு பக்கம். ரெண்டை அமுக்குங்க."

அமுக்கினேன். திரை வெள்ளையானது. பிறகு எழுத்துகள் வந்தன. நான் விட்ட வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம். கதவைத் திறந்தவன் உள்ளே நுழைந்து, அங்கே உட்கார்ந்திருந்தவரிடம் பேச ஆரம்பித்திருந்தான். ஏதோ நான் இல்லாதபோதும் அவர்கள் இத்தனை வருடம் பேசிக்கொண்டே இருந்ததுபோல. மேற்கொண்டு படிக்கவில்லை.

கைப்பேசியை அணைத்து இடுப்பில் செருகினேன். அப்புறம் ஒருத்தி, "அய்ய, அப்போ போன வாரம் அந்த டெம்போக்காரன் பொண்டாட்டி ரசத்துல வெசம் வச்சாளே, அது?" என்றாள்.

"அது அண்ணாத்தேயோட சொந்த சரக்குடி."

"அடப்பாவி! ஒரு வாரமா அவள நாறடிச்சோமே நாம."

"நானு எங்கூட்டுக்காரர்கிட்ட சொல்லி அவரு ரெண்டு நாளா ரசமே ஊத்திக்கல!"

சிரிப்பு கிளம்பியது. தேனிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த நம்பரையெல்லாம் என்னன்னு நெனச்சீங்கண்ணே?" என்று உண்மையாகவே கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. தூக்குவாளியை வைத்துவிட்டு எழுந்தேன்.

சைக்கிளில் போகிறவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பனியனுக்காக. அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையம் வரை நிற்காமல் நடந்தேன். அங்கே நிழலில் உட்கார்ந்து அந்த டெம்போக்காரன் கதையைத் தேடி எடுத்தேன். இரண்டை அமுக்கினேன்.

கதையில் டெம்போ ஓட்டுகிறவன் ஒருநாள் வீடு திரும்பவில்லை. மனைவி அழவில்லை, ரசம் வைத்துக்கொண்டிருந்தாள் என்பதோடு முதல் பக்கம் முடியும். அந்த ரசத்தை வைத்துத்தான் நான் அவளைக் கொலைகாரி ஆக்கினேன். இரண்டாம் பக்கத்தில் அவள் அந்த ரசத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாகத் தேடிப் போகிறாள். அவனுக்கு அந்த ரசம்தான் பிடிக்கும், கிடைத்தால் கொடுக்க வேண்டும் என்று. மூன்றாம் பக்கம் முழுக்க அவள் நடை. நான்காம் பக்கத்தில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். அவனுக்குத் தலையில் அடி, அவளை யார் என்று தெரியவில்லை. ரசத்தைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கிறான்.

அந்தப் பெண்ணை ஒரு வாரம் திட்டினோம். அவள் கதைப் பெண்தான், காற்று. ஆனாலும் ஏதோ ஒரு ஆளைத் திருடன் என்று பிடித்து அடித்துவிட்டு, அவன் இல்லை என்று தெரிந்தது மாதிரி இருந்தது. வெறும் ஒரு விரல். இரண்டின் மேல் ஒரு விரல் வைத்திருந்தால் போதும்.

இன்னொன்றும் கவனித்தேன். மூன்றாம் பக்கம் போனபோது முதல் பக்கத்தில் அவள் கணவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்பது மறந்துவிட்டது. சட்டை அங்கே முக்கியம், அதை வைத்துத்தான் தேடுகிறாள். திரும்பிப் பார்க்கலாம் என்று ஒன்றை அமுக்கினால் திரை வெள்ளையாகி, விளம்பரம் குறுக்கே வந்து, நான் படித்துக்கொண்டிருந்த வரி எங்கே என்று தெரியாமல் போனது. தாளாக இருந்தால் கட்டை விரலை நடுவில் வைத்துக்கொண்டு புரட்டலாம். இதில் விரலை வைக்க இடம் இல்லை. ஒவ்வொரு பக்கமும் தனக்கு முன்னால் எதுவும் இல்லாததுபோல வந்து நின்றது. தெரிந்த ஆளுக்கே தடுமாறும். தெரியாதவன் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டதில் ஆச்சரியம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது கைப்பேசியில் பழைய பக்கங்கள் வரிசையாகத் திறந்து கிடந்ததைத் தள்ளிக்கொண்டே போனேன். இன்னும் எத்தனை கதையில் இப்படி என்று பார்க்கத்தான். ஒரு கதை, நான்கு எண்கள். ஒரு கதை, ஆறு எண்கள். அதற்கடுத்து ஒரு பட்டியல். அதன் கீழேயும் வட்ட வட்டமாக எண்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை.

எண்களைப் பார்த்தபோதே அக்காவின் முகம் வந்துவிட்டது.

அக்கா என்று நான் சொல்வது கூடப் பிறந்தவளை அல்ல. அதே மூடிக் கம்பெனி மேசையில் இரண்டு மாதம் முன்பு வரை இருந்தவள். திருமுல்லைவாயிலில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். கணவன் இறந்து வெகு நாளாயிற்று. மகளை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் படிக்கட்டு துடைக்கும் வேலை கிடைத்ததும் மூடிக் கம்பெனியை விட்டுப் போய்விட்டாள். ஏழைகளுக்கு அடுக்குமாடியில் ஒதுக்குகிற வீட்டுக்கு எப்போதோ மனு போட்டிருந்தாள். ஒன்பது நாள் முன்பு, பட்டியல் வந்துவிட்டது என்று பக்கத்து அறைக்காரி சொன்னாளாம். அந்த இணைப்பை எனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு நேரே எங்கள் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் அவளுக்கு அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். ஆனாலும் என்னைத் தேடி வந்தாள். "நீதான் படிக்கிறவன்" என்றாள்.

நான் படித்தேன். இருபது பேர். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, இரண்டு தடவை. "இல்லக்கா" என்றேன். நிச்சயமாகச் சொன்னேன். தெரியவில்லை என்று சொல்லவில்லை, இல்லை என்று சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் வாசல் சிமெண்டில் உட்கார்ந்திருந்தாள். "சரி. மருமவன் ஊட்டு மூலைதான்" என்றாள். வாடகை அறையை அந்த மாதத்தோடு விடச் சொல்லிவிட்டார்கள், அவளால் புது இடம் பார்க்க முடியாது. மகள் வீட்டில் ஒரு அறை, ஒரு கட்டில், அதில் மருமகனின் அம்மா. "அங்க நானு தொண்டையக் கனைக்கக்கூட ரோசனை பண்ணணும்" என்று முன்பு ஒருநாள் சொல்லியிருந்தாள். அதையெல்லாம் அன்று சொல்லவில்லை. எழுந்து போய்விட்டாள்.

இரண்டை அமுக்கினேன். திரை வெள்ளை. ஓ.டி.யில் அந்த நேரத்துக்கு நெட் ஊர்ந்து போகும். இருபது பெயர்கள். இல்லை. மூன்று. ஜவுளிக்கடை. இருபது பெயர்கள். நான்கை அமுக்கியதற்கு ஐந்து வந்தது, திரும்பப் போனால் ஒன்றுக்கே போய் நின்றது. மறுபடி முதலிலிருந்து. எந்தப் பக்கத்தைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டேன். ஆறாம் பக்கத்தில் மேலிருந்து நான்காவது. அவள் பெயர். கணவன் பெயர். திருமுல்லைவாயில், தெரு, கதவு எண்.

"இன்னாபா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பக்கத்தில் இருந்த ஆள் கேட்டார். நான் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும்.

அந்தப் பெயர் ஒன்பது நாளாக அங்கே இருந்தது. நான் அவளிடம் இல்லை என்று சொன்ன நிமிடத்திலும் அங்கேதான் இருந்தது, என் கையில் இருந்த அதே கைப்பேசியில், ஐந்து விரல் தட்டல் தூரத்தில்.

இந்தத் தடவை நிற்கவில்லை. ஒன்பதாம் பக்கம் வரை போனேன். கடைசிப் பக்கத்தில் பெயர்கள் குறைவு. அதன் கீழே குறிப்பு இருந்தது. தேர்வானவர்கள் அசல் சான்றுகளோடு ஆவடி அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும். கடைசி நாள், மறுநாள். பகல் ஒரு மணிக்குள். வராதவர்களின் வீடு காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போகும். கைப்பேசிக்கும் தகவல் அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு வரி. அக்கா மனுவில் கொடுத்த எண், ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண். இப்போது அவளிடம் போனே இல்லை.

திருமுல்லைவாயிலுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் நசுங்கி உட்கார்ந்திருந்தபோது மனம் வேறு பக்கமெல்லாம் ஓடியது. இந்த ஆறு வருடத்தில் யார் யாருக்கு என்ன படித்துச் சொன்னேன்? ஒரு லாரி ஓட்டுநருக்கு உரிமம் புதுப்பிப்பது பற்றி. பந்தல்காரர் ஒருவருக்கு முட்டி வலி பற்றி. என்ன செய்யலாம் என்பது மட்டும் முதல் பக்கத்தில் இருந்து, என்ன செய்யக்கூடாது என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்திருந்தால்? அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. நான்தான் சொல்லிக்கொள்ளாமல் நடந்துவிடுகிறவன் ஆயிற்றே.

அக்காவின் அறை பூட்டியிருந்தது. வாசலில் இரண்டு மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. ஒன்றில் பாய் நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா துணி உலர்த்திக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அது வேலைக்குப் பூட்ச்சு. நீ யாரு? மூட்டைய எடுக்க வந்தியா? நாளன்னிக்குத்தானே காலி பண்றேன்னுச்சு."

"இல்லம்மா. அதுங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்."

"பருத்திப்பட்டுல ஏரிய ஒட்டி கீது பாரு, பெரிய ப்ளாட்டு. அங்க போய்க் கேளு. மொதல்ல ஒரு சட்டையப் போடு."

ஆவடி போய் அங்கிருந்து பூந்தமல்லி போகிற பேருந்தில் ஏறி, பருத்திப்பட்டில் இறங்கினேன். ஃபிளாட் கேட்டில் காவலாளி ஒரு நோட்டை நீட்டினார். பெயர், எங்கிருந்து, எந்த வீட்டுக்கு, எதற்கு. எதற்கு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன்.

"இன்னா மாமே, எழுதத் தெர்லியா? பனியனோட வந்துகீற, பாத்ரூம் அடைப்பா?"

"படிக்கட்டு தொடைக்கிற அக்காவப் பார்க்கணும்."

"வேலை நேரத்துல ஆள வரச்சொல்லிச்சா அது? மூணாவது மாடில கீது. சீக்கிரம் பேசிட்டு எறங்கு."

மூன்றாம் மாடியில் அக்கா தண்ணீர் கேனை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்திவிட்டு, அது இருந்த மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். அரக்கோணத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாளாம்.

"அக்கா, உன் பேரு கீது" என்றேன்.

"எங்க?"

"லிஸ்ட்டுல. ஊட்டு லிஸ்ட்டுல. ஆறாவது பக்கம்."

"அன்னிக்கு இல்லன்னியே."

"அன்னிக்கு மொத பக்கம்தான் பார்த்தேன்."

மாப்பை வாளிக்குள் விட்டாள். கையைப் புடவையில் துடைத்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு துடைத்தாள்.

"ஏன்டா, ஒரு சீட்டக் கையில குடுத்தா பின்னால திருப்பிப் பாக்க மாட்ட? எழுத்து தெரியாத நானே ரேஷன் ரசீத திருப்பிப் பாக்கறேன்."

"போன்ல பின்னால இல்லக்கா. கீழ நம்பரு போட்டுகீது. அத அமுக்கணுமாம். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"இன்னிக்குத்தான் தெரியுமா? அப்போ நீ படிச்ச கதையெல்லாம்?"

நான் கைப்பேசியைக் கீழே இறக்கினேன். அவள் புரிந்துகொண்டாள். அந்த மேசையில் இருந்தபோது என் கதைகளுக்கு முதலில் அழுகிறவள் அவள்தான். ஒரு நிமிடம் அவள் முகத்தில் வீட்டைவிட அந்தக் கதைகள் போனதுதான் பெரிய அடியாகத் தெரிந்தது. "அந்த ஊமைப் பையன் கடைசில பேசுனானே?" என்றாள். "தெரியலக்கா" என்றேன். "கஸ்மாலம்" என்றாள். திட்டு யாருக்கு என்று தெரியவில்லை.

பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, "மறுபடி படி. மொத பக்கத்துலேர்ந்து" என்றாள்.

"நேரா ஆறாவது பக்கம் போறேன்."

"நேரா கீரா வோணாம். மொத்தமும் படி. நானு ஒன்ன நம்பி ஒருவாட்டி குந்தினது போதும்."

ஒன்பது பக்கத்தையும் படித்தேன். முன்பின் தெரியாதவர்களின் பெயர்கள், அவர்கள் கணவர்களின், அப்பாக்களின் பெயர்கள், தெருக்கள். ஒவ்வொரு பக்கமும் வருவதற்குள் அவள் "வந்துச்சா?" என்பாள். ஆறாம் பக்கத்தில் அவள் பெயரும் வந்தது. அதோடு விடாமல் ஏழாம் பக்கத்தையும் படிக்கச் சொன்னாள். முன்பு என்னிடம் கதை கேட்டவர்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நானும் இப்படிப் படித்ததில்லை. ஒரு எழுத்தைக்கூட நானாகச் சேர்க்கவில்லை.

கடைசிப் பக்கத்துக் குறிப்பை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். விரலை மடக்கிக்கொண்டாள். ரேஷன் கார்டு ஒன்று. ஆதார் இரண்டு. போட்டோ மூன்று. கணவனின் இறப்புச் சான்று நான்கு. நான்காவது விரலில் நின்றாள்.

"அது என்னாண்ட இல்ல. கொழுந்தன் ஊட்டுல கீது. ஐயப்பன்தாங்கல் டிப்போக்குப் பின்னால."

"இப்போவே போ. பஸ்ஸு கீது."

"போறேன். நாளைக்கு?"

அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. அறை காலி பண்ணுகிற வேலையாக ஏற்கெனவே இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆளை வைத்துவிடுவோம் என்று ஃபிளாட் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அரக்கோணம் போவதாக இருந்தபோது இந்த வேலை போனால் போகட்டும் என்று இருந்தாள். வீடு கிடைத்தால் வேலை வேண்டும். வேலையைப் பார்த்தால் வீடு போகும். வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும்போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், மிச்சம் அவள் பாடு என்று கால்கள் தயாராகிவிட்டன. கேட் வரைக்கும் இறங்கினேன். காவலாளி நோட்டில் வெளியே போகும் நேரத்தை எழுதச் சொன்னார். எதற்கு என்ற கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது.

"அது நாளைக்கு வரலன்னா பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா? ஆறு மணிக்கு யார்னா ஒரு ஆளு வந்து ரெண்டு பிளாக்கும் தொடைச்சா சரி. சங்கத்துக்காரரு படிக்கட்டத்தான் பாப்பாரு. யாரு தொடைக்கிறதுன்னா பாக்கப் போறாரு?"

மறுபடி மூன்றாம் மாடி ஏறினேன். "நாளைக்கு நானு தொடைக்கறேன்" என்றேன்.

அக்கா மேலும் கீழும் பார்த்தாள். "நீ தொடைப்பியா? மொத மாடியோட நின்னுக்குவ."

இதற்கு நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அவளும் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டாள். அதனால் எழுந்து, சொல்லிக் கொடுத்தாள். ஐந்தாம் மாடியில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். பினாயில் ஒரு மூடி, அதற்கு மேல் ஊற்றினால் நாலாவது மாடிக்காரர் இருமுவார். இரண்டாம் மாடியில் செருப்பு ஸ்டாண்டை நகர்த்தக்கூடாது, சண்டைக்கு வருவார்கள். மூன்றாம் மாடி மூலையில் தண்ணீர் கேனைத் தூக்கித்தான் துடைக்க வேண்டும். சுற்றித் துடைத்துவிட்டு வந்தால் சாயந்தரம் வளையமாகக் கறை தெரியும். "முழுசாக் கேட்டுக்கோ" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

ஐயப்பன்தாங்கலுக்கு அவளைப் பேருந்து ஏற்றினேன். ஜன்னல் வழியாக, "என் பேரு ஆறாவது பக்கம்தானே? மேல்லேர்ந்து நாலாவதுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பேருந்து நகர்ந்த பிறகும் எனக்குச் சந்தேகம் வந்து கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். ஆறு. மேலிருந்து நாலு. அங்கேதான் இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஃபிளாட் கேட்டில் நின்றேன். ஆணியில் தொங்கிய சட்டையை எடுக்க நான் போகவில்லை. நடைபாதையில் ஒரு பழைய சட்டை வாங்கிப் போட்டிருந்தேன். காவலாளி நோட்டை நீட்டினார். எதற்கு என்ற கட்டத்தில் படிக்கட்டு என்று எழுதினேன். வாளி, மாப், பினாயில். ஐந்தாம் மாடியில் ஆரம்பித்தேன். வாழ்க்கையில் எத்தனையோ தூக்கியிருக்கிறேன், துடைத்தது கிடையாது. இடுப்பு வேறு மாதிரி வலித்தது. ஆபீஸுக்குக் கிளம்புகிறவர்கள் ஈரத்தின் மேல் மிதித்துக்கொண்டு போனார்கள். மறுபடி துடைத்தேன். முதல் பிளாக் முடிய ஒன்பது ஆகிவிட்டது. இரண்டாம் பிளாக்கின் இரண்டாம் மாடியில் இருந்தபோது, பதினொன்றரை இருக்கும், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

பின்னால் கூட்டத்தின் சத்தம். யாருடைய போனையோ வாங்கிப் பேசுகிறாள்.

"வாங்கிக்கினாங்கடா" என்றாள். "எல்லாத்தையும் பார்த்துட்டு, கைநாட்டு வாங்கிக்கினு, சீல் போட்டுக் குடுத்துட்டாங்க. சாவி அப்பால தருவாங்களாம்."

மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கேக்குதா? லைன்ல கீறியா?"

"கீறேன்க்கா."

"அந்தக் கேனைத் தூக்கித் தொடைச்சியா?"

முதல் பிளாக், மூன்றாம் மாடி, மூலை. தூக்கவில்லை. சுற்றித்தான் துடைத்திருந்தேன்.

"தொடைக்கறேன்" என்று சொல்லி, வாளியை எடுத்துக்கொண்டு முதல் பிளாக்குக்குப் போனேன்.